சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்: ஒரு டர்போ டீசல் வண்டியின் ஆயில் கசிவு ஆய்வு

வாடகைக்கு ஓடும் செடான். 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் காமன்ரெயில் டீசல், டர்போ (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் காற்று பம்ப்), அது தள்ளும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர். மீட்டரில் 1,48,000 கி.மீ. நிற்பது கடலூர் மஞ்சக்குப்பம். ஓடுவது புதுச்சேரி, சிதம்பரம், மாதம் நாலைந்து தடவை சென்னை. இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது, டர்போ அதன் பின்புறம் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஒட்டி இருக்கிறது. இந்த அமைப்பு பல கம்பெனி வண்டிகளில் உண்டு என்பதால் மாடல் பெயர் இங்கே தேவையில்லை.

புகார் மூன்று. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை, அதுவும் பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறை) நேர் கீழே. 1000 கி.மீ.க்குச் சுமார் 700 மி.லி. ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. புதுச்சேரி மரப்பாலம் சிக்னல் நெரிசலில் ஐந்து நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பினால் பின்னால் குபீரென்று நீலப் புகை.

தரைக் கறையைப் பார்த்த ஓரிடத்தில் ஃப்ளைவீல் பக்க கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என்றார்கள். புகையைப் பார்த்த இன்னோரிடத்தில் டர்போ போய்விட்டது என்றார்கள். முதலாவது கியர்பாக்ஸை இறக்கும் வேலை. இரண்டாவது செலவு இன்னும் பெரியது. இரண்டு முடிவுமே தவறு. ஆனால் பார்த்த அடையாளங்கள் பொய்யில்லை, அவை அந்த இரண்டு முடிவுக்குத்தான் கையைக் காட்டும்.

கழற்றும் முன் கேட்டது

கசிவு எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பது அரிது. இன்ஜினில் கடைசியாக எதைக் கழற்றினார்கள் என்று கேட்டால் கிடைக்கும். இந்த வண்டியில் எட்டு மாதத்துக்கு முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் மாற்றியிருக்கிறார்கள். அதற்காக டர்போ கீழே இறங்கி ஏறியிருக்கிறது. ஆயில் மாற்றும் இடைவெளி 15,000 கி.மீ.யைத் தாண்டிப் போவது வழக்கம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோது வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது.

ஆயில் கேஜை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டுக்கும் ஒரு விரல் மேலே நின்றது. ஃபில்டரோடு சேர்த்து இந்த இன்ஜினுக்கு நாலரை லிட்டர் போதும். டிரைவரின் கணக்கு வேறு: “அஞ்சு லிட்டர் கேன் வாங்குறோம்ணே, அரை லிட்டர எதுக்கு மிச்சம் வைக்கணும்?” இந்த அரை லிட்டருக்குப் பின்னால் வேலை இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்க.

முதலில், சொட்டுவது எது?

கறுப்பாக இருப்பதெல்லாம் இன்ஜின் ஆயில் ஆகாது. இன்ஜெக்டர் ரிட்டன் குழாயில் கசியும் டீசல், பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது கறுப்பாகத்தான் சொட்டும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டால் தெரிந்துவிடும்: டீசல் விறுவிறுவென்று அகலமாகப் பரவும், வாசனை காட்டிக்கொடுக்கும், இன்ஜின் ஆயில் நடுவில் கரும்புள்ளியாக நின்று மெதுவாக ஊறும். கியர் ஆயிலில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும். இங்கே ஏசி வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை: ஏசி தண்ணீர் கறையின்மேல் சொட்டி, பத்துச் சொட்டு ஆயிலைக் கால் லிட்டர்போல் பரப்பிக் காட்டும். இரவு முழுக்க அட்டையை விரித்து வைத்துப் பார்த்தபோது உண்மையில் விழுந்தது பன்னிரண்டு சொட்டு. இன்ஜின் ஆயில்தான்.

இங்கேயே கணக்கு இடிக்கிறது. இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மி.லி. இரவில் பன்னிரண்டு சொட்டு என்றால் ஒரு மி.லி.கூட இல்லை. ஓடும்போது இதைவிடப் பல மடங்கு கசியும் என்று வைத்தாலும் 700 மி.லி. வெளியே போயிருந்தால் வண்டியின் அடிவயிறு முழுக்க, பின் பம்பர்வரை நனைந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆக, வெளியே கசிவது ஒன்று, உள்ளே எரிந்து போவது இன்னொன்று. இரண்டு நோயை ஒன்றாகப் பார்த்ததால்தான் இரண்டு இடத்திலும் தவறினார்கள்.

கழுவுதல்

கழுவாத இன்ஜினில் கசிவு தேடுவது வீண். அடித்தகட்டை இறக்கியபோது வெள்ளத்தில் படிந்த வண்டல் ஆயிலில் ஊறி ஒரு கிலோவுக்குக் குறையாமல் அடையாகக் கிடந்தது. பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் வடிகால் துளையையும் அதே சேறு அடைத்திருந்தது.

டீசல் போட்டுக் கழுவும் பழக்கம் இங்கே எல்லா ஷெட்டிலும் உண்டு. கசிவு தேடும் வேலைக்கு அது ஆகாது. மூலை முடுக்கில் தங்கிய டீசல் இரண்டு நாள் கழித்தும் வழியும், அது புதுக்கசிவுபோல் ஏமாற்றும். ரப்பர் ஹோஸ்களுக்கும் கெடுதல். தண்ணீரில் கரையும் டிகிரீசர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ் போட்டு, மிதமான அழுத்தத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆல்டர்னேட்டர், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டர், காற்று உறிஞ்சும் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட வேண்டும். சூடான டர்போமேல் தண்ணீர் படக்கூடாது. பிறகு கம்ப்ரஸர் காற்றால் மேலிருந்து கீழாக ஊதி, மூட்டுகளை மட்டும் பிரேக் கிளீனரும் பனியன் வேஸ்ட்டும் கொண்டு துடைக்க வேண்டும்.

கழுவியதும் சம்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பின் ஓரத்தில் துரு தெரிந்தது. கடற்கரை ஊர் வண்டிகளில் இரும்புத் தகட்டு சம்ப் ஊசித்துளை விழும் அளவுக்கு அரிப்பது சாதாரணம், அதனால் இதையும் சந்தேகப் பட்டியலில் வைத்தோம். ஸ்குரூ டிரைவர் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்ததில் தகடு கெட்டியாகவே இருந்தது.

மேலே, முன்னே

ஆயில் கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களிலேயே மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் இடம் எதுவோ அதுதான் பிறப்பிடம். இந்த விதியை எல்லோரும் சொல்வார்கள். கீழே பிட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் மட்டும் அதைப் பின்பற்ற முடியாது.

பழைய ஆயிலில் புகைக்கரி அதிகம் இருந்தால் யூவி சாயம் (புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) மங்கிவிடும். அதனால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சரியாக நாலரை லிட்டர் ஊற்றி, அதில் 30 மி.லி. யூவி சாயம் கலந்தோம். அடுத்து ஓட்டம். தட்டையான ஊரில் டர்போவுக்குச் சுமை கொடுக்க வழி குறைவு. நான்கு வழிச்சாலையில் சிதம்பரம் பக்கமாக நாலாவது கியரில் நீண்ட இழுப்பு, திரும்பி வந்து கேப்பர் மலை ஏற்றத்தில் ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றி, மூன்றாவது கியர். கடலூர்க்காரர்களுக்கு அந்த ஏற்றம் ஒன்றுதான் மலைப்பாதை.

இருட்டில் மஞ்சள் கண்ணாடி போட்டு யூவி டார்ச் அடித்தபோது டர்போவின் தலையில், ஆயில் உள்ளே போகும் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (ஆயில் போக உள்ளே துளையுள்ள போல்ட்) சுற்றிப் பச்சை மஞ்சளாக ஒரு வளையம். அங்கிருந்து கோடு டர்போ உடம்பில் இறங்கி, பிளாக்கின் பின்புறமாக வழிந்து, பெல் ஹவுசிங்கின் மேல் விளிம்பில் தேங்கி, இரண்டு பக்கமும் சுற்றிக் கொண்டு அடியில் சொட்டுகிறது. கிராங்க் சீல் போனால் எங்கே சொட்டுமோ அதே இடம்.

காரணம் சீல் இல்லை என்பதை உறுதி செய்ய, சேறு எடுத்த வடிகால் துளை வழியாகக் கம்பியில் பஞ்சு சுற்றி உள்ளே விட்டுத் தடவினோம். கிளட்ச் தூள் மட்டும் வந்தது, ஈரம் இல்லை. கிளட்ச் வழுக்கலும் இல்லை. கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்த இரண்டு நிமிட வேலையை யாரும் விடக்கூடாது.

போல்ட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. மேனிஃபோல்டு வேலையில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும். நசுங்கியதை மறுபடி போட்டால் முதல் சில வாரம் பிடிக்கும். டர்போவின் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு விட்டுவிடும். சூடான ஆயில் அங்கே 2 முதல் 4 பார் அழுத்தத்தில் வருவதால் மயிரிழை இடைவெளி போதும்.

இந்த இடத்தில் ஒரு கருவிக் குறிப்பு. ஆயில் கேஜ் குழாய் வழியாக 2 பிஎஸ்ஐ காற்றை இன்ஜினுக்குள் விட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளிக்கும் முறை நல்லது. இந்த வண்டியிலும் செய்தோம்; டேப்பட் கவரின் (இன்ஜினின் மேல்மூடி) ஒரு மூலையில் மட்டும் சின்னக் குமிழி. ஆனால் அந்தக் காற்று சம்ப், சீல், கவர் பேக்கிங் ஆகியவற்றைத்தான் சோதிக்கும். பம்ப் அழுத்தத்தில் ஓடும் ஆயில் வழியில் இருக்கும் கசிவை அது காட்டாது. அதற்கு இன்ஜின் ஓட வேண்டும். 3 பிஎஸ்ஐக்கு மேல் காற்று விட்டால் நல்ல சீலும் பிதுங்கிவிடலாம், அதனால் ரெகுலேட்டர் இல்லாமல் இந்தச் சோதனையே வேண்டாம்.

மீதி ஆயில் போன வழி

இன்டர்கூலரின் கீழ்க்குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் பிடித்தபோது 180 மி.லி. வந்தது. டர்போ டீசலில் குழாய்க்குள் மெல்லிய ஆயில் பூச்சு எப்போதும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊற்றி அளக்கும்படி இருந்தால் நோய். அதோடு ஆபத்தும்கூட: தேங்கிய ஆயிலை இன்ஜின் மொத்தமாக உறிஞ்சினால் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு தறிகெட்டு ஓடும், சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் வண்டி என்றால் பிரேக்கை இறுக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு அணைத்தாக வேண்டும்.

இந்த ஆயில் எங்கிருந்து வந்தது? இரண்டு வழிதான் உண்டு. ப்ரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) வழியாக வரும் ஆயில், டர்போவுக்கு முன்னாலேயே காற்றுக்குழாயில் சேரும். அப்போது டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்துக்கு முன்பக்கமும் ஈரமாக இருக்கும். டர்போ தண்டின் வழியாக வந்தால் முன்பக்கம் காய்ந்திருக்கும், பின்பக்கம் மட்டும் நனைந்திருக்கும். இங்கே முன்பக்கம் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தது. வெளிவரும் வாய் சொதசொதவென்று. ஆக, டர்போ வழிதான்.

இந்த இடத்தில் பலர் நிறுத்திக்கொண்டு புது டர்போவுக்கு ஆர்டர் போடுவார்கள். டர்போவின் சீல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அங்கே நிறுத்த மாட்டார்கள். அது கிராங்க் சீல்போல ரப்பர் உதடு கொண்ட சீல் கிடையாது. பிஸ்டன் ரிங்போல ஒரு மெல்லிய இரும்பு வளையம், அவ்வளவே. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும் தண்டில் வேறெதுவும் தாங்காது. ஒரு பக்கம் கம்ப்ரஸர் காற்று, மறுபக்கம் எக்ஸாஸ்ட் வாயு இரண்டும் உள்நோக்கி அழுத்துவதாலும், பேரிங்கைத் தாண்டிய ஆயில் தங்காமல் புவியீர்ப்பில் சம்புக்கு வடிந்துவிடுவதாலும்தான் ஆயில் உள்ளேயே நிற்கிறது. வடிகால் அடைத்தாலோ, சம்புக்குள் அழுத்தம் ஏறினாலோ ஆயில் போக இடமின்றி வளையத்தைத் தாண்டும். ஐடிலில் கம்ப்ரஸர் பக்க அழுத்தம் மிகக் குறைவு. தாண்டுவது அப்போது எளிது. மரப்பாலம் சிக்னல் புகைக்கு விளக்கம் அதுதான்.

சம்ப் அழுத்தம் அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் கேஜ் குழாயில் காற்றுப் புகாமல் மாட்டினால் போதும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் அளவு, 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 10 மில்லிபார். ப்ரீதர் ஒழுங்காக இருக்கும் இன்ஜினில் தண்ணீர் பெரிதாக அசையாது, அல்லது கொஞ்சம் உள்ளிழுக்கும். இந்த வண்டியில் ஐடிலில் 11 செ.மீ., 2500 ஆர்.பி.எம்.மில் 32 செ.மீ. வெளியே தள்ளியது.

அழுத்தம் அதிகம் என்றதும் பிஸ்டன் ரிங் போச்சு, பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குவது) அடிக்கிறது என்பார்கள். மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ரிங் தேய்மானம்: க்ளோ பிளக் துளை வழியே கம்ப்ரஷன் எடுத்ததில் 27, 26, 27, 26 பார், ரிங் குற்றவாளி இல்லை. இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். டீசலில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் தான் உறிஞ்சும் காற்றை இன்ஜினுக்குள்தான் விடுகிறது. பூஸ்டர் குழாயில் ஓட்டை இருந்தால் பம்ப் ஓயாமல் காற்றைச் சம்புக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். குழாயை இடுக்கியால் நசுக்கிப் பார்த்ததில் தண்ணீர் மட்டம் மாறவில்லை, அதுவும் இல்லை. மூன்றாவது ப்ரீதர். டேப்பட் கவரில் ப்ரீதர் ஹோஸைக் கழற்றி வாயைத் திறந்துவிட்டும் அழுத்தம் 10 செ.மீ.க்குக் குறையவில்லை. ஹோஸில் அடைப்பு என்றால் குறைந்திருக்கும். அடைப்பு கவருக்குள்ளேயே, ஆயிலைப் பிரிக்கும் அறையில்.

அந்த அறை முழுக்கத் தார்போன்ற கசடு. நீண்ட இடைவெளியில் மாற்றிய ஆயில், மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிய அரை லிட்டரை கிராங்க் அடித்துக் கிளப்பிய நுரை, இரண்டும் சேர்ந்து செய்த வேலை. டர்போ வடிகால் குழாயைக் கழற்றினால் அங்கே இன்னொன்று காத்திருந்தது: ஃப்ளாஞ்சில் பேக்கிங்கோடு சேர்த்து சிலிக்கான் பேஸ்ட்டும் தடவியிருக்கிறார்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட்டில் கரி பிடித்து, 16 மி.மீ. வழி 6 மி.மீ. ஆகியிருந்தது. ஏர் ஃபில்டரும் மண்ணடைத்துக் கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சலைக் கூட்டியிருந்தது.

டர்போவையும் சோதித்தோம். ஆயில் இல்லாதபோது தண்டு பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. சக்கரம் உறையில் உரசக்கூடாது, முன்பின்னாக இழுத்தால் கைக்கு ஆட்டம் தெரியக்கூடாது. உரசல் தடமும் இல்லை, முன்பின் ஆட்டமும் இல்லை. அதே டர்போ திரும்ப ஏறியது.

சரிசெய்தது

டேப்பட் கவர் இந்த வண்டியில் பிரிக்கும் அறையோடு ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. வலை மட்டும் உள்ள வகையை ஊறவைத்துக் கழுவலாம். உள்ளே ரப்பர் டயஃப்ரம் இருந்தால் கழுவிப் பயனில்லை. எனவே புதுக் கவர், புதுப் பேக்கிங். மூலைக் குமிழியும் அதோடு தீர்ந்தது.

டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் ஃபீட் குழாயின் இரு முனைக்கும் தலா இரண்டாக நான்கு புது செம்பு வாஷர். குழாயைக் கழுவி, காற்று அடித்து, மறுமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம். சில இன்ஜின்களில் பேஞ்சோ போல்ட்டுக்குள் சின்ன வலை இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். போல்ட்டின் உள்ளே துளை உண்டு. அளவு பார்க்காமல் பலமாக முறுக்கினால் முறிந்துவிடும், கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்ச்சில்தான் இறுக்க வேண்டும். வடிகாலுக்குப் புதுப் பேக்கிங்கைக் காய்ந்தபடியே வைத்தோம். டர்போவின் ஆயில் வழியில் பேஸ்ட் எந்த மூட்டிலும் வேண்டாம்.

இன்டர்கூலரை மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி வடித்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்தோம். ஈரம் மிச்சமிருந்து இன்ஜின் அதை உறிஞ்சினால் மேலே சொன்ன அதே ஆபத்து. ஃபீட் குழாயை மாட்டும் முன் டர்போவின் ஆயில் துளையில் 20 மி.லி. சுத்தமான ஆயில் விட்டு, சக்கரத்தை விரலால் சுற்றிவிட வேண்டும். பிறகு இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி, பத்து விநாடி செல்ஃப் அடித்து ஆயில் லைட் அணையும்வரை அழுத்தம் ஏற்றி, அதன்பின் ஸ்டார்ட். முதல் மூன்று நிமிடம் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. வறண்ட பேரிங்கில் ஒரு ரேஸ் கொடுத்தால் நல்ல டர்போவும் அன்றைக்கே முடிந்தது.

வடித்து வைத்திருந்த சாய ஆயிலை ஒதுக்கிவிட்டுப் புது ஆயில்: முதலில் 4.2 லிட்டர், ஓட்டி நிறுத்தி, சமதளத்தில் பத்து நிமிடம் கழித்துக் கேஜ் பார்த்து மீதி. மிச்ச அரை லிட்டர் கேனிலேயே இருந்து டிக்கிக்குப் போனது. நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் டீக்கடையில் நின்றதும் அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடும்படி டிரைவரிடம் சொல்லப்பட்டது. சூடான டர்போவுக்குள் ஆயில் நின்றுபோனால் வெந்து கரியாகும்.

மறு அளவு

யூ குழாயில் ஐடிலில் 1 செ.மீ. உள்ளிழுப்பு, 2500 ஆர்.பி.எம்.மில் 3 செ.மீ. உள்ளிழுப்பு. மரப்பாலத்தில் நின்று கிளம்பியதில் புகை இல்லை. அதற்கு முன் ஒரு விஷயம்: எக்ஸாஸ்ட் குழாயில் ஏற்கெனவே தேங்கிய ஆயில் எரிந்து தீர முதல் 150 கி.மீ. வரை புகை வந்தது. இதைச் சொல்லி அனுப்பாவிட்டால் வண்டி மறுநாளே திரும்பி வந்து நிற்கும்.

2000 கி.மீ. கழித்து இன்டர்கூலர் கீழ்க்குழாயில் பூச்சு மட்டும், ஊற்ற ஒன்றுமில்லை. அந்த 2000 கி.மீ.யில் ஊற்ற வேண்டியிருந்தது 100 மி.லி.க்கும் குறைவு. டர்போ தலையில் டால்கம் பவுடர் தூவிப் பார்த்தோம்: வெள்ளையாகவே இருந்தது. பெல் ஹவுசிங்கின் அடி காய்ந்திருந்தது. சம்பின் பின் ஓரத்தில் துருப்பிடித்த இடத்தில் மட்டும் பவுடர் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு லேசாக மஞ்சளித்திருக்கிறது. சொட்டவில்லை. அடுத்த ஆயில் மாற்றத்தில் சம்பை இறக்கித் துரு தேய்த்துப் பெயின்ட் அடிப்பதா, புதிதே போடுவதா என்று அப்போது தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.